பசிபிக்கை முதலில் கடந்தது யார்? பாலினேசியர்கள் அமெரிக்கக் கரையைத் தொட்டார்களா?

கரைவெள்ளி (இழையைத் தொடங்கியவர்)

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வரிசை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொலம்பஸ் 1492, வாஸ்கோ ட காமா 1498, மெகல்லன் 1519, அப்புறம் குக். இதில் மெகல்லன் விஷயம் மட்டும் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. 1520 நவம்பர் கடைசியில் பசிபிக்குக்குள் நுழைந்தவர், 1521 மார்ச் 6 அன்று குவாம் போய்ச் சேரும்வரை வழியில் பார்த்தது ஆளில்லாத இரண்டே தீவுகள். பாய்மரக் கட்டையில் கயிறு உராயாமலிருக்கச் சுற்றிவைத்த தோலை உரித்து, நாலைந்து நாள் கடல்நீரில் ஊறப்போட்டு, தணலில் வாட்டித் தின்றோம் என்று கூடப்போன பிகஃபெட்டா எழுதிவைத்திருக்கிறார். கப்பலில் ஓர் எலி அரை டுகாட் பொற்காசுக்கு விலைபோனதாம்.

அந்த நேரத்தில் அதே கடலில் ஹவாய், தாகித்தி, நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு எல்லாவற்றிலும் பாலினேசியர்கள் என்று நாம் சொல்லும் ஜனங்கள் குடியேறி இரண்டு மூன்று நூற்றாண்டாவது ஆகியிருந்தது. இவர்கள் பட்டினியில் தோலைத் தின்றுகொண்டு போன கடல், அவர்களுக்குப் போக்குவரத்துப் பாதை.

என் கேள்வி இதுதான்: அவ்வளவு தூரம் போனவர்கள் அமெரிக்கக் கரையையும் தொட்டிருப்பார்களா? இல்லை, அங்கிருந்து இங்கே யாராவது வந்தார்களா? கான்-டிக்கி பயணத்தோடு இதெல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் வாருங்கள்.

ஏட்டுச்சுருள்

கான்-டிக்கி நிரூபித்தது ஒன்றே ஒன்று: பால்சா மரத் தெப்பம் 101 நாள் மூழ்காமல் மிதக்கும். 1947 ஏப்ரல் 28 அன்று தோர் ஹெயர்டாலும் இன்னும் ஐந்து பேரும் பெருவின் கயாவோ துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள். துவாமோத்து தீவுக்கூட்டத்தில் ராரோயாவின் பவளத்திட்டில் மோதி இறங்கினார்கள். ஆரம்பத்தில் கடற்படைக் கப்பல் ஒன்று தெப்பத்தைக் கரையோர நீரோட்டம் தாண்டி இழுத்துப்போய் விட்டதைச் சொல்பவர்கள் குறைவு. அவர்கள் துணிச்சலைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் அந்தத் தெப்பத்தைத் திருப்பி பெருவுக்கு ஓட்டமுடியாது. காற்று தள்ளிய பக்கம் போகும், அவ்வளவுதான்.

ஹெயர்டால் சொன்னது இன்னும் பெரிய கதை. பாலினேசியாவில் முதலில் குடியேறியவர்களே தென்னமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்றார். அது நிற்கவில்லை. மொழிகள் ஆஸ்திரோனேசியக் குடும்பம், வேர் தைவான் பக்கம். லபிடா வகை மட்பாண்டத் துண்டுகள் பிஸ்மார்க் தீவுகளிலிருந்து டோங்கா, சமோவாவரை வரிசையாகக் கிடைக்கின்றன, சுமார் 3000 ஆண்டுக்கு முந்தையவை. பன்றி, நாய், கோழி, சேம்பு, வாழை எல்லாம் மேற்கிலிருந்து வந்தவை.

கிழக்கிலிருந்து வந்தது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அமெரிக்காவில் பயிரானது, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பாலினேசியாவில் இருந்திருக்கிறது. குக் தீவுகளில் மங்காயா என்ற இடத்துப் பாறைக் குகையில் கரிந்த கிழங்குத் துண்டே கிடைத்திருக்கிறது. இத்தனை வருடச் சண்டைக்கும் அந்தக் கிழங்குதான் மூலகாரணம்.

தென்றல்77

எல்லோரும் நம்மவர்களை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். நியூசிலாந்தில் தமிழ் எழுத்து பொறித்த வெண்கல மணி கிடைத்ததே! குக்குக்கு முன்னால் தமிழன் அங்கே போய்விட்டான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஏட்டுச்சுருள்

எதிர்பார்த்தேன், மூன்றாவது பதிவிலேயே வந்துவிட்டது 🙂

மணி நிஜம். வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வில்லியம் கொலென்சோ என்ற மதப்பணியாளர் 1830களில் வடக்குத் தீவில் பார்த்தபோது அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப்போட்டு உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாக வைத்திருந்தார்கள். புயலில் சாய்ந்த பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று அவரிடம் சொன்னார்கள். முகையதீன் பக்சின் கப்பலுடைய மணி என்ற பொருளில் எழுத்து இருக்கிறது. ஒரு தமிழ் முஸ்லிம் வணிகரின் கப்பல் மணி என்பதில் பெரிய தகராறு இல்லை.

தகராறு அடுத்த படியில்தான். மணி போனது, கப்பல் போனதா? கப்பல் போயிருந்தால் ஆள் போனாரா? ஆளில்லாமல் மிதந்த கப்பலை நீரோட்டம் கொண்டுபோயிருக்கலாம். வேறு நாட்டுக் கப்பல்காரன் எங்கோ வாங்கி எடுத்துப்போயிருக்கலாம். அகழாய்வில் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற தகவல் இல்லாத பொருளை வைத்துப் பயணம் கட்டமுடியாது. இந்த இடத்தில் நான் ஹெயர்டாலுக்கு எவ்வளவு கறாரோ நமக்கும் அவ்வளவு கறார்.

தென்றல்77

கறாரெல்லாம் நமக்கு மட்டும்தான் போல. சரி, மணி அங்கே எப்படிப் போயிற்று என்று நீங்களும் சொல்லவில்லையே?

ஆலா

தென்றல், மணிக்கு அப்புறம் வருவோம். முதலில் இவர்கள் எப்படிப் போனார்கள் என்று புரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

அந்த அட்சரேகைகளில் வியாபாரக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வீசும். அதாவது பாலினேசியர்கள் எதிர்காற்றில் விரிந்திருக்கிறார்கள். கேட்டால் முட்டாள்தனமாகத் தோன்றும். யோசித்தால் இதைவிடப் பத்திரமான வழி கிடையாது. எதிர்காற்று கொஞ்சம் அடங்கி, மேற்கிலிருந்து வீசும் சில நாள்களைப் பிடித்துக் கிழக்கே போகவேண்டியது. தீவு தட்டுப்படவில்லையா, தண்ணீரும் சாப்பாடும் பாதியாகிவிட்டதா, திரும்பிவிடலாம். வழக்கமான காற்று தானாகவே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பின்காற்றில் போனவன்தான் மாட்டிக்கொள்வான். கான்-டிக்கிக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

திசைக்கு நட்சத்திரங்கள். ஒவ்வொரு நட்சத்திரமும் அடிவானத்தில் எழும் இடமும் விழும் இடமும் மாறாது. அந்த இடங்களை வரிசையாக மனப்பாடம் செய்துவைத்தால் இரவு முழுக்கத் திசை தப்பாது. மேகம் மூடினால் அலை. தொலைவிலிருந்து வரும் பெரிய அலைவீச்சு நாள்கணக்கில் ஒரே திசையில் உருண்டு வரும். வள்ளத்தின் அடித்தட்டில் படுத்து அது எந்தப் பக்கத்திலிருந்து தூக்குகிறது என்று உடம்பால் அளப்பார்கள். கரை நெருங்கும்போது பறவை. வெள்ளை ஆலா காலையில் கடலுக்குப் போய் மீன்பிடித்துவிட்டு மாலையில் நிலத்துக்குத் திரும்பும். சாயங்காலம் அது பறக்கும் திசையில் தீவு இருக்கிறது. (என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான்.)

இதெல்லாம் கற்பனை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்காகத்தான் 1976இல் ஹோக்குலேயா கிளம்பியது. ஹவாயிலிருந்து தாகித்திக்கு, இரட்டை வள்ளத்தில், திசைகாட்டி உட்பட எந்தக் கருவியும் இல்லாமல். வழிகாட்டியவர் மாவ் பியாய்லுக். மைக்ரோனேசியாவில் சதவால் என்ற குட்டித் தீவுக்காரர். ஹவாயில் அந்தக் கலை தெரிந்தவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்பதால் வெளியிலிருந்து அவரைக் கூப்பிடவேண்டியிருந்தது. அவர் அதற்கு முன்னால் அந்த வழியில் போனதே இல்லை. சுமார் 4000 கி.மீ., ஐந்து வாரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கரைவெள்ளி

அற்புதம். ஆனால் புயலில் சிக்கி அடித்துச் செல்லப்பட்டவர்கள் தற்செயலாகத் தீவுகளில் ஒதுங்கினார்கள் என்றும் ஒரு வாதம் இருக்கிறதே?

ஆலா

இருந்தது. 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் அதைத்தான் எழுதினார். 1973இல் காற்று, நீரோட்டக் கணக்குகளைக் கணினியில் போட்டு ஆயிரக்கணக்கான கற்பனை வள்ளங்களை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். வெறுமனே மிதந்து ஹவாய்க்கோ நியூசிலாந்துக்கோ ஈஸ்டர் தீவுக்கோ போய்ச்சேர வழியே இல்லை என்று வந்தது. போதாக்குறைக்கு, பெண்கள், கோழி, விதைக்கிழங்கு சகிதமாகவா ஒருவர் புயலில் சிக்குவார்?

அதற்காக எல்லாம் சுகப்பயணம் என்று நினைக்கவேண்டாம். அதே ஹோக்குலேயா 1978இல் ஹவாய்க்குப் பக்கத்திலேயே கவிழ்ந்தது. உதவி தேடித் தன் அலைப்பலகையில் துடுப்புப்போட்டுக் கிளம்பிய எடி ஐக்காவ் திரும்பவில்லை.

குரோமோசோம்23

கிழங்கை விட்டு ரத்தத்துக்கு வருவோமா? 2020இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. 17 தீவுகளைச் சேர்ந்தவர்களும் அமெரிக்கப் பசிபிக் கரையின் 15 பூர்வகுடிக் குழுக்களும், மொத்தம் 807 பேர் டி.என்.ஏ. கிழக்குப் பாலினேசியத் தீவுகள் பலவற்றில் பூர்வ அமெரிக்கக் கலப்பு ஒரு சிறு துளி இருக்கிறது. ஐரோப்பியர் வந்தபிறகு ஏற்பட்ட கலப்பு தனியாகத் தெரிகிறது. இது அதைவிடப் பழசு, சுமார் கி.பி. 1200.

கலந்தது பல முறை இல்லை, அநேகமாக ஒரே சந்திப்பு, அதிலிருந்து தீவு தீவாகப் பரவியது என்பது அவர்கள் முடிவு. இன்னொரு சுவாரசியம், அந்த அமெரிக்கத் துளிக்கு மிக நெருக்கமாக வருபவர்கள் இன்றைய கொலம்பியாவின் ஸெனு மக்கள். பெரு இல்லை, சிலி இல்லை. தொடர்பின் காலம் மிகப் பழசாக வருவது கிழக்குப் பாலினேசியாவின் தெற்கு மார்கெசஸ் தீவுக்கூட்டத்தில், ஃபாத்து ஹிவா தீவில், சுமார் 1150.

ஏட்டுச்சுருள்

குரோமோசோம் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் கிழங்கை அவ்வளவு சீக்கிரம் விடாதீர்கள். 2018இல் ஒரு குழு, பாலினேசியக் கிழங்கு அமெரிக்கக் கிழங்கிலிருந்து பிரிந்து ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகிறது, மனிதன் கொண்டுவந்திருக்கவே முடியாது, விதை தானாக மிதந்தோ பறவை வழியாகவோ வந்தது என்று எழுதியது. குக்கின் முதல் பயணத்தில் 1769இல் சேகரித்த உலர்ந்த செடியிலிருந்து டி.என்.ஏ. எடுத்துச் சொன்னார்கள். அதுவும் லேசுப்பட்ட ஆய்வு இல்லை.

குரோமோசோம்23

லேசுப்பட்டதில்லைதான். ஆனால் முக்கியமான முடிச்சு ஒரே ஒரு பழைய செடியின் மேல் நிற்கிறது என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். அந்த வம்சம் அமெரிக்கக் கரையில் எங்காவது அழிந்தோ தேடப்படாமலோ இருந்தால் கணக்கு மாறிவிடும். கிழங்கு மிதந்து வந்ததாகவே வைத்துக்கொள்வோம். மனிதத் துளி மிதந்து வராதே. 2024இல் ராப்பா நூயி, அதாவது ஈஸ்டர் தீவுக்காரர்கள் 15 பேரின் பழைய எலும்புகளை ஆராய்ந்தார்கள். பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்தவை. அவர்களிடம் சுமார் 10 சதவீதம் பூர்வ அமெரிக்க வம்சம், கலந்த காலம் 1250க்கும் 1430க்கும் நடுவில். முதல் ஐரோப்பியரான டச்சுக்காரர் ரோக்கவேன் அந்தத் தீவில் கால்வைத்தது 1722இல்தான்.

அதே ஆய்வு இன்னொரு பிரபலமான கதையையும் உடைத்தது. மரத்தையெல்லாம் வெட்டித்தீர்த்து, தங்களுக்குள் அடித்துக்கொண்டு, 1600களிலேயே மக்கள்தொகை சரிந்துவிட்டது என்ற கதை. மரபணுவில் அப்படி ஒரு சரிவின் தடயம் இல்லை.

பொன்னொளி

சரிவு வந்தது, ஆனால் வெளியிலிருந்து. 1862, 63இல் பெருவிலிருந்து ஆள்பிடிக்கும் கப்பல்கள் வந்து தீவின் ஜனத்தொகையில் பாதியளவு வாரிக்கொண்டுபோயின. திருப்பி அனுப்பப்பட்ட கொஞ்சம் பேர் பெரியம்மையோடு வந்தார்கள். 1877இல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். பண்பாடுகளின் சந்திப்பு என்று இனிப்பாக எழுதும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதிவைக்கவேண்டும். இதைப் பேசாமல் நட்சத்திரம், அலை, பறவை என்று மட்டும் ரசித்தால் எனக்கு ஒட்டவில்லை.

ஆலா

பொன்னொளி சொல்வது நியாயம். அதனால்தான் துப்பாயாவைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். இரண்டும் அந்த ஒருவர் கதையிலேயே இருக்கிறது.

ராயாத்தேயா தீவுக்காரர், பூசாரி, கடலோடி. போரா போராக்காரர்கள் படையெடுத்துத் தீவைப் பிடித்தபோது தாகித்திக்குத் தப்பி வந்தவர். 1769இல் வெள்ளிக் கோளின் இடைநகர்வைப் பார்க்க குக்கின் எண்டெவர் கப்பல் அங்கே வந்தது. ஜூலையில் கிளம்பும்போது துப்பாயாவும், தாயாத்தா என்ற பையனும் கூட ஏறினார்கள். குக் முதலில் தயங்கினார். செலவை ஏற்றவர் பணக்காரத் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ். ஊரில் பக்கத்துக்காரர்கள் சிங்கம் புலி வளர்க்கிறார்களே, நான் இவரை ஓர் அதிசயப்பொருளாக வைத்துக்கொள்கிறேன், அதைவிடச் செலவு குறைவுதான் என்கிற தோரணையில் பேங்க்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இப்போது வாசித்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த அதிசயப்பொருள் செய்ததைப் பாருங்கள். தனக்குத் தெரிந்த 74 தீவுகளை வைத்து ஒரு வரைபடம் போடவைத்தார். குக் கையால் எழுதிய பிரதி இன்றும் இருக்கிறது. நம் வரைபட முறையில் பார்த்தால் தீவுகள் தாறுமாறாகத் தெரியும். துப்பாயாவுக்குத் திசை புரியவில்லை என்று இருநூறு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2019இல் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்து லார்ஸ் எக்ஸ்டைனும் அன்யா ஷ்வார்ட்ஸும் வேறு மாதிரி வாசித்தார்கள். நடுவில் இருப்பது நண்பகல் சூரியன், அதுதான் வடக்கு. எந்தத் தீவிலிருந்து கிளம்பினாலும் அந்த நடுப்புள்ளியை வைத்து அடுத்த தீவின் திசையைக் கணக்கிடலாம். மேலிருந்து பார்க்கும் படமாக இல்லாமல், வள்ளத்தில் உட்கார்ந்திருப்பவன் கண்ணால் வரைந்த படம். இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கு இது பொருந்துவதாகப் படுகிறது.

1769 அக்டோபரில் நியூசிலாந்து. முதல் நாளே குக்கின் ஆள்கள் தே மாரோ என்பவரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் ஆற்றின் அக்கரையில் மவோரிகள் ஆயுதத்தோடு நிற்கிறார்கள். துப்பாயா தன் மொழியில் கூப்பிட்டுப் பேசினார். அவர்களுக்கு முழுக்கப் புரிந்தது! அவ்வளவு கடல் நடுவில் கிடந்தும், சில நூறு வருடம் பிரிந்திருந்தும் பேச்சு நடந்தது. அதற்குப் பிறகும் துப்பாக்கி ஓயவில்லை, அன்றும் ஆள்கள் செத்தார்கள். ஆனால் அடுத்த சில மாதங்கள் கப்பல் தண்ணீரும் சாப்பாடும் வாங்கிப் பிழைத்ததில் அவர் வாய்க்குப் பெரிய பங்கு. அடுத்து ஆஸ்திரேலியா போனபோது அங்குள்ளவர்கள் பேச்சு அவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பாலினேசிய வலை எங்கே முடிகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான கோடு கிடையாது.

அவர் வரைந்த ஒரு படம் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஒரு மவோரி, கையில் பெரிய கடல் இறால். எதிரே கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர். யாரோ வெள்ளைக்காரர் வரைந்தது என்றே நெடுநாள் நினைத்தார்கள். பேங்க்ஸ் 1812இல் எழுதிய கடிதம் ஒன்று 1997இல் கவனத்துக்கு வந்தது. துப்பாயா என்னைக் கிண்டலாக வரைந்தார், ஒரு கையில் ஆணியை நீட்டுகிறேன், மறுகையால் இறாலை இறுக்கிப் பிடித்திருக்கிறேன், சரக்கு கைக்கு வராமல் ஆணியை விடமாட்டேன் என்று நிற்கிறேன் என்கிறார். புலி வளர்ப்பதுபோல் வளர்க்க நினைத்தவரைப் புலி நன்றாகப் பார்த்துவைத்திருக்கிறது!

1770 கடைசியில் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) காய்ச்சலில் இருவரும் இறந்தார்கள். முதலில் தாயாத்தா, பிறகு துப்பாயா. 1773இல் குக் மறுபடி நியூசிலாந்து போனபோது மவோரிகள் கேட்டது துப்பாயா எங்கே என்றுதான்.

பொன்னொளி

நன்றி ஆலா. பெயர் விட்டுப்போனவர்களில் இன்னும் சிலர்: மெகல்லனிடம் அடிமையாக இருந்த என்றிக்கே. மலாக்காவில் கிடைத்தவர். 1521இல் பிலிப்பைன்ஸ் தீவில் அவர் மலாயில் பேச, அங்கிருந்தவர்களுக்குப் புரிந்தது. உலகத்தின் மறுபக்கம் வந்துவிட்டோம் என்பது மெகல்லனுக்கு உறைத்த நிமிடம் அது. 1519இல் மெக்சிகோவுக்குப் படையெடுத்த ஸ்பானியர் கோர்த்தேஸுக்கு மொழிபெயர்த்த மலின்சின் என்ற பெண். அவருக்கு அஸ்டெக்குகளின் நாவாட்டலும் மாயாவும் தெரியும். கப்பல் உடைந்து எட்டு வருடம் மாயாக்களிடம் இருந்த அகிலாருக்கு மாயாவும் ஸ்பானியமும் தெரியும். ஒரு வாக்கியம் இரண்டு பேரைக் கடந்துதான் கோர்த்தேஸ் காதுக்குப் போகும். அகிலாரோடு ஒதுங்கிய குவெரேரோ மட்டும் திரும்பமாட்டேன் என்றுவிட்டார். முகத்தில் பச்சை குத்தியாயிற்று, பிள்ளைகுட்டி ஆயிற்று.

ஏட்டுச்சுருள்

1498இல் கோழிக்கோட்டில் ட காமா முதலில் கரைக்கு அனுப்பியது ஒரு தண்டனைக் கைதியை. அவரை எதிர்கொண்டவர்கள் துனிஸ்காரர்கள் இருவர், காஸ்டிலிய ஸ்பானியமும் ஜெனோவா மொழியும் பேசுபவர்கள். "எந்தப் பிசாசு உன்னை இங்கே கொண்டுவந்தது?" என்றுதான் வரவேற்பு. கடல்வழியைக் கண்டுபிடிக்க வந்தவர்களை அவர்கள் மொழி தெரிந்தவர்கள் ஏற்கெனவே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தென்றல்77

அதைத்தான் நானும் சொல்கிறேன்! கோழிக்கோட்டில் துனிஸ்காரன் இருக்கலாம், நியூசிலாந்தில் தமிழன் இருக்கக்கூடாதா?

ஏட்டுச்சுருள்

இருக்கலாம் தம்பி. துனிஸ்காரரைப் பற்றி ட காமாவின் கூட்டத்திலேயே ஒருவர் எழுதிவைத்தார். மணிக்கு அப்படி ஒரு வரி கிடைக்கட்டும், முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

கரைவெள்ளி

என் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். சந்திப்பு நடந்தது என்று வைத்துக்கொண்டால், யார் யாரிடம் போனது? பாலினேசியர் அமெரிக்கக் கரைக்குப் போயிருந்தால் அங்கே ஏன் ஒரு தடயமும் இல்லை?

குரோமோசோம்23

டி.என்.ஏ. மட்டும் வைத்து அதைச் சொல்லமுடியாது. அமெரிக்கர்கள் தெப்பத்தில் மார்கெசஸ்வரை வந்திருந்தாலும், பாலினேசியர் போய்ச் சிலரைக் கூட்டிவந்திருந்தாலும் மரபணுவில் ஒரே மாதிரிதான் தெரியும். சிலியில் எல் அரெனால் என்ற இடத்தில் கிடைத்த கோழி எலும்பு பாலினேசியக் கோழி என்று 2007இல் சொன்னார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அதை மறுத்தன, இன்னும் தீராத வழக்கு.

ஆலா

மரபணுவில் தெரியாதது காற்றில் கொஞ்சம் தெரியும். போகவும் திரும்பவும் முடிந்தவர்கள் யார் என்று பாருங்கள். 1999இல் ஹோக்குலேயா மங்காரேவாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்கு எதிர்காற்றுக் கடலில் மூன்று வாரத்துக்குள் போய்ச்சேர்ந்தது. இன்னும் கிழக்கே போனால் கண்டம் தப்பவே தப்பாது. வடக்கிலிருந்து தெற்குவரை சுவர்மாதிரி நிற்கிறது. திரும்ப வியாபாரக் காற்று இருக்கிறது. என் ஓட்டு பாலினேசியருக்குத்தான்.

தடயம் ஏன் இல்லை என்பதற்கு: அவர்கள் தேடியது ஆளில்லாத தீவை. அங்கே ஏற்கெனவே ஊரும் விவசாயமும் ஆள்பலமும் இருந்தது. ஒரு வள்ளத்து ஆள்கள் போய் என்ன செய்யமுடியும்? சில நாள் தங்கி, கொடுக்கல் வாங்கல் முடித்து, கிழங்கோடு கிளம்பியிருப்பார்கள். வைக்கிங் கால நார்ஸ்காரர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வீடே கட்டினார்கள். 1021இல் அங்கே மரம் வெட்டியது உறுதியாகியிருக்கிறது. அவர்களாலேயே நிலைக்க முடியவில்லை. அந்த வீடுகளும் 1960இல்தான் கண்ணில் பட்டன.

தவிர, இத்தனை நாள் பெரும்பாலும் தேடியது சிலிக் கரையில். 2020 ஆய்வு கைகாட்டுவது கொலம்பியா, ஈக்வடார் பக்கம். மார்கெசஸிலிருந்து போனால் சேரக்கூடிய கரையும் அதுதான். அங்கே பழைய மண்ணடுக்கில் பசிபிக் எலியின் எலும்பு ஒன்று கிடைத்தால் போதும். வள்ளத்தில் ஏறாமல் அந்த எலி எந்தத் தீவுக்கும் போனதில்லை.